அடிபட்ட கப்பலில் மிஞ்சும் பலம்

சூளகிரியில் கப்பலைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்விதான். கடல் இங்கிருந்து வெகு தொலைவு. ஆனாலும் ஓசூர் தொடங்கி சூளகிரி, குருபரப்பள்ளி, பர்கூர் வரை நீளும் இந்தத் தொழில் வட்டாரத்தில் ஏற்றுமதிக்காக முத்திரையிடப்படும் கன்டெய்னர்கள் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ராணிப்பேட்டை வழியாகத் துறைமுகம் சேர்ந்து, கடைசியில் ஏதோ ஒரு கப்பலின் மேல் ஏறுகின்றன. அதற்குப் பிறகு அந்தச் சரக்கின் கதியை முடிவு செய்வது எஃகுத் தகடுகளால் ஆன ஒரு கூடு. அந்தக் கூடு எவ்வளவு சுமையைத் தாங்கும், ஓரிடத்தில் கிழிந்தோ நெளிந்தோ போனால் எவ்வளவு பலம் மிஞ்சும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பலின் பலத்தை அது பழுதில்லாமல் இருக்கிறது என்ற அனுமானத்தில் மட்டும் கணக்கிட்டு நிறுத்திக்கொள்வது போதாது. அடிபட்டால் மிஞ்சும் பலத்தையும் விபத்துக்கு முன்பே கணக்கிட்டுத் தயாராக வைத்திருக்க வேண்டும். இந்தக் கடமை இன்று பெருமளவு எண்ணெய்க் கப்பல்களோடு நின்றுவிடுகிறது. கன்டெய்னர் கப்பல்களுக்கும் அதை விரிவாக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

கப்பலின் கூடு அடிப்படையில் ஒரு நீண்ட பெட்டி உத்திரம். அதைக் கீழிருந்து தண்ணீர் தூக்குகிறது, மேலிருந்து சரக்கும் எஞ்சினும் எரிபொருளும் அழுத்துகின்றன. மொத்தத்தில் இரண்டும் சமம்தான், ஆனால் இடத்துக்கு இடம் சமமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் எடை அதிகம், வேறோரிடத்தில் தூக்கும் விசை அதிகம். அலையின் முகடு கப்பலின் நடுவில் வந்து நிற்கும்போது முன்முனையும் பின்முனையும் தொங்கும்; மேல்தளம் இழுபடும், அடித்தளம் நசுக்கப்படும். இதைக் கப்பல்காரர்கள் ஹாகிங் என்பார்கள். அலையின் பள்ளம் நடுவில் வந்தால் இது தலைகீழாகும். மேல்தளம் நசுங்கும், அடித்தளம் இழுபடும். இது சாகிங். இருபது, இருபத்தைந்து ஆண்டு ஓடும் ஒரு கப்பல் இந்த இரண்டையும் கோடிக்கணக்கான முறை அனுபவிக்கிறது. அலை தரும் வளைக்கும் விசை நீளத்தின் வர்க்கத்தோடும் அகலத்தோடும் சேர்ந்து வளர்கிறது. ஒரே வடிவத்தில் நீளத்தையும் அகலத்தையும் இரட்டித்தால் அது ஏறத்தாழ எட்டு மடங்காகிவிடும். பெரிய கப்பல் என்பது சிறிய கப்பலைப் பெரிதாக வரைந்தது அல்ல என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

எஃகு அறுந்துவிடுமோ என்பதுதான் பொதுவாக நமக்கு வரும் பயம். அந்தப் பயத்துக்கும் காரணம் உண்டு. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில், புதிதாகக் கட்டி முடித்துக் கரையோரம் கட்டி வைத்திருந்த ஷெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல், அமைதியான தண்ணீரில் நின்றபடியே பிளந்தது. குளிரில் நொறுங்கும் தன்மை கொண்ட எஃகையும் பற்றவைப்பின் குறைகளையும் பற்றி உலகம் பாடம் கற்றது அப்போதுதான். ஆனால் இன்றைய பெரிய கப்பல்களுக்கு இன்னொரு ஆபத்து பெரிது. பிளாஸ்டிக் அடிக்கோலை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். அது நசுங்குவதில்லை, ஒரு கட்டத்தில் சட்டென்று பக்கவாட்டில் வளைந்து தாங்கும் சக்தியை இழக்கிறது. நசுக்கப்படும் கப்பல் தகடும் அப்படித்தான் நெளிகிறது. ஒரு தகடு நெளிந்ததும் அது தாங்கிய பங்கு பக்கத்துத் தகடுகளின் மேல் விழுகிறது. சுமை கூடிய தகடுகள் அடுத்தடுத்து நெளிகின்றன. ஓர் எல்லைக்குப் பிறகு கூட்டின் முழுக் குறுக்குவெட்டும் கைவிட்டுவிடுகிறது. அந்த எல்லையைத்தான் இறுதி வலிமை என்கிறோம். இதை 1965இல் ஜே.பி. கால்டுவெல் என்ற பிரிட்டிஷ் கப்பல் பொறியாளர் முதன்முதலில் கணக்குக்குள் கொண்டுவந்தார். 1977இல் ஸ்மித் என்பவர் இன்றும் எல்லோரும் பயன்படுத்தும் முறையைத் தந்தார். அந்த முறையில் கூட்டின் குறுக்குவெட்டைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு துண்டும் நசுங்கும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தனித்தனியாகக் கண்டு, முழுக் கூட்டையும் படிப்படியாக வளைத்து, எங்கே உச்சம் வருகிறது என்று பார்க்கிறோம்.

இங்கே ஓசூர் வட்டாரத்துப் பொறியாளர்களுக்கு ஒரு வேறுபாடு உடனே தெரியும். லாரியின் சேசிஸையோ பைக்கின் ஃபிரேமையோ சந்தைக்கு விடுவதற்கு முன் மாதிரிகள் செய்து, குலுக்கி, வளைத்து, உடையும் வரை சோதிக்கிறார்கள். உடைந்த மாதிரி தரும் பாடம் அடுத்து வரும் ஆயிரக்கணக்கான வண்டிகளுக்குப் பயன்படுகிறது. கப்பலுக்கு அந்த வசதி கிடையாது. 1903இல் பிரிட்டனில் வுல்ஃப் என்ற போர்க்கப்பலை உலர்துறையில் தாங்கி நிறுத்தி அளந்து பார்த்தார்கள். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்கா புரூஸ், பிரெஸ்டன் என்ற இரண்டு பழைய நாசகாரிக் கப்பல்களை வளைத்து உடைத்துப் பார்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன் அல்புவேராவை அப்படிச் செய்தது. முழு அளவுக் கப்பலைக் கரையில் வைத்து உடைத்துப் பார்த்த சோதனைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. முந்நூறு மீட்டர் கன்டெய்னர் கப்பலை யாரும் உடைத்துச் சோதித்ததில்லை. ஆகவே கப்பல் தொழிலில் பலம் பற்றிய நம்பிக்கை முழுக்கவும் கணக்கின் மேலும் ஆய்வின் மேலும்தான் நிற்கிறது. கணக்கு எதைக் கேட்கவில்லையோ அந்தக் கேள்விக்குக் கடல் பதில் சொல்கிறது.

அப்படி ஒரு பதில் 2013 ஜூன் 17 அன்று அரபிக்கடலில் கிடைத்தது. எம்ஓஎல் கம்ஃபர்ட் என்ற கன்டெய்னர் கப்பல் சிங்கப்பூரிலிருந்து ஜெட்டாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நீளம் 316 மீட்டர், கட்டியது 2008இல் ஜப்பானின் மிட்சுபிஷி. வயது ஐந்துதான். எதிலும் மோதவில்லை, தரை தட்டவில்லை. பருவமழைக் கால அலைகளில் அதன் நடுப்பகுதி ஒடிந்து இரண்டு துண்டானது. மாலுமிகள் 26 பேரும் உயிர் தப்பினர். பின்துண்டு ஜூன் 27 அன்று மூழ்கியது. முன்துண்டு இழுத்துச் செல்லப்படும்போது தீப்பிடித்து ஜூலையில் மூழ்கியது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட கன்டெய்னர்கள் கடலடிக்குப் போயின. கப்பலுக்குச் சான்று தந்த ஜப்பானிய நிறுவனமான கிளாஸ்என்கே நடத்திய ஆய்வு, நடுப்பகுதியின் அடித்தகடுகள் நெளிந்ததிலிருந்தே முறிவு தொடங்கியது என்று கண்டது. கன்டெய்னர் கப்பல் அதன் வடிவத்தால் பெரும்பாலும் ஹாகிங் நிலையிலேயே இருக்கும். அப்போது அடித்தளம் நீளவாக்கில் நசுக்கப்படும். அதோடு கீழிருந்து கடல் நீரின் அழுத்தம் இரட்டை அடித்தளத்தை மேல்நோக்கித் தள்ளுவதால் தகடு குறுக்குவாக்கிலும் நசுங்குகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சேரும்போது அந்தத் தகடு தாங்கும் அளவு குறைகிறது. அலைச் சுமையில் வரக்கூடிய ஏற்றத்தாழ்வும் எஃகின் தரத்தில் வரக்கூடிய ஏற்றத்தாழ்வும் ஒருசேர அமைந்தால் சுமை பலத்தை மிஞ்சும் வாய்ப்பு இருந்தது என்பதே ஆய்வின் முடிவு. கன்டெய்னர் கப்பல்களுக்கென்று, இப்படிச் சான்று தரும் வகைப்பாட்டுச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு கொண்டுவந்த புதிய பொது விதிகள் இதற்குப் பின்னர்தான் நடைமுறைக்கு வந்தன.

இந்த ஆய்வில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைப்பது வேறொரு தகவல். அதே வடிவத்தில் கட்டப்பட்டு ஓடிக்கொண்டிருந்த சகோதரிக் கப்பல்களைப் பரிசோதித்தபோது, சிலவற்றின் அடித்தகடுகளில் 20 மில்லிமீட்டர் அளவுக்குப் புடைப்புகள் காணப்பட்டன. அவையெல்லாம் செல்லத்தக்க சான்றிதழோடு சரக்கேற்றி ஓடிக்கொண்டிருந்தவை. அப்படியானால் அவை முழுமையான கப்பல்களா, அடிபட்ட கப்பல்களா? தாளில் முழுமை, தகட்டில் பழுது. எரிக்கா என்ற எண்ணெய்க் கப்பல் இதை வேறொரு பக்கத்திலிருந்து காட்டியது. 1975இல் கட்டிய அந்தக் கப்பல் 1999 டிசம்பர் 12 அன்று பிரான்சின் பிரிட்டனி கடலோரத்துக்கு அப்பால் இரண்டாக ஒடிந்தது. அதன் மாலுமிகள் 26 பேரும் இந்தியர்கள், ஹெலிகாப்டர்களால் மீட்கப்பட்டார்கள். அங்கே நெளிவுக்கு வழிசெய்தது அரிப்பு. ஆண்டுக்கணக்கில் உப்புநீர் தின்ற தகடுகள், வரைபடத்தில் இருந்த தடிமனைக் கப்பலில் வைத்திருக்கவில்லை. பழுதற்ற கப்பல் என்பது கட்டும் துறையை விட்டு வெளியேறும் நாளில் மட்டுமே மெய்யாக இருக்கும் ஒரு நிலை. அதன் பிறகு ஒவ்வொரு கப்பலும் ஏதோ ஒரு அளவில் அடிபட்டதே. அதனால்தான் மிஞ்சும் பலம் என்ற கேள்வியை விபத்து நேர்ந்த அபூர்வக் கப்பலுக்குரிய தனிக் கேள்வியாக ஒதுக்கிவைக்க முடியாது என்கிறேன்.

உண்மையிலேயே கூடு கிழிந்துவிட்டால் என்ன நடக்கிறது? மூன்று மாற்றங்கள் ஒன்றாக வருகின்றன. கிழிந்த தகடுகள் சுமையைத் தாங்குவதை நிறுத்துகின்றன. ஒரு பக்கம் மட்டும் பலமிழப்பதால் கூடு நேராக வளையாமல் சாய்வாக வளைகிறது. ஒரு மூலைத் தகடுகள் தங்கள் பங்குக்கு மேல் சுமக்கின்றன. உள்ளே புகுந்த தண்ணீர் எடைப் பரவலையே மாற்றி, அலையில்லாத கடலில்கூட வளைக்கும் விசையைக் கூட்டிவிடுகிறது. அதாவது பலம் குறையும் அதே நேரத்தில் சுமை கூடுகிறது. 2002 நவம்பர் 13 அன்று ஸ்பெயினின் கலீசியா கரைக்கு அப்பால் பிரெஸ்டீஜ் என்ற எண்ணெய்க் கப்பலுக்கு இதுதான் நேர்ந்தது. 77,000 டன் எரிஎண்ணெயோடு வந்த அதன் வலப்பக்கம் சேதமடைந்து தண்ணீர் புகுந்தது. கப்பல் கடுமையாகச் சாய்ந்தது. சாய்வை நிமிர்த்த எதிர்ப்பக்கத் தொட்டிகளில் தண்ணீர் விட்டார்கள். கப்பல் நிமிர்ந்தது, ஆனால் நடுவில் சேர்ந்த எடையால் கூட்டின் மேல் விழுந்த சுமை அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியது. அடைக்கலம் கேட்ட அந்தக் கப்பலைக் கரைக்கு அருகே விடாமல் திறந்த கடலுக்கு இழுத்துப் போனார்கள். ஆறு நாள் அலையடித்த பிறகு நவம்பர் 19 அன்று அது இரண்டாக ஒடிந்து மூழ்கியது. ஐரோப்பாவின் மிகப் பெரிய எண்ணெய்க் கசிவுகளில் ஒன்று அப்படி நிகழ்ந்தது.

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணமும் இருக்கிறது. 2007 ஜனவரி 18 அன்று எம்எஸ்சி நாப்போலி என்ற கன்டெய்னர் கப்பலின் கூடு, ஆங்கிலக் கால்வாய்ப் புயலில் எஞ்சின் அறைக்கு அருகே முறியத் தொடங்கியது. மாலுமிகள் மீட்கப்பட்டார்கள். துறைமுகத்துக்கு இழுத்து வரும் வழியில் கூடு மேலும் பலவீனமாகிறது என்று தெரிந்ததும், அதற்கென்றே தனி அதிகாரம் பெற்ற பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர், அதை லைம் விரிகுடாவின் கரையோரத்தில் வேண்டுமென்றே தரைதட்ட வைக்க முடிவு செய்தார். கரை பாதிக்கப்பட்டது உண்மை. ஆனால் எரிபொருளின் பெரும்பகுதியை எடுத்துவிட முடிந்தது, கப்பலும் ஆழ்கடலில் ஒடிந்து போகவில்லை. பிரெஸ்டீஜுக்கும் நாப்போலிக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. அடிபட்ட கூடு இன்னும் எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு முடிவெடுப்பவர் எவ்வளவு இடம் கொடுத்தார் என்பதே வித்தியாசம்.

சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் ஒப்பந்தத்தின் எண்ணெய் மாசு பற்றிய இணைப்பில் உள்ள 37ஆம் விதி, 5,000 டன்னும் அதற்கு மேலும் சுமக்கும் எண்ணெய்க் கப்பல்கள், சேதத்துக்குப் பின் நிலைத்தன்மையையும் மிஞ்சும் கட்டமைப்பு வலிமையையும் கரையிலிருந்தே கணினியில் கணக்கிட்டுத் தரும் வசதியை உடனடியாகப் பெறக்கூடியவையாக இருக்க வேண்டும் என்கிறது. 2010இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஏற்ற இலக்கு சார்ந்த தரங்களும், 2015 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பொதுக் கட்டமைப்பு விதிகளும் இன்னும் ஒருபடி மேலே போய், மோதலுக்கும் தரைதட்டலுக்கும் பிறகு மிஞ்சும் பலத்தைக் கப்பல் கட்டும்போதே சரிபார்க்கச் சொல்கின்றன. அடிபட்ட கப்பல் கொஞ்ச நாள்தான் கடலில் நிற்கும் என்பதால் அலைச் சுமையை மூன்றில் இரண்டு பங்காக வைத்துச் செய்யும் நிதானமான கணக்கு அது. ஆனால் இவை 150 மீட்டருக்கும் நீளமான எண்ணெய்க் கப்பல்களுக்கும் மொத்தச் சரக்குக் கப்பல்களுக்கும் உரியவை. கன்டெய்னர் கப்பல் இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

நம் கடலோரத்தில் இது தள்ளிப்போடக்கூடிய விஷயமாக இல்லை. 2020 செப்டம்பர் 3 அன்று, சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெயோடு குவைத்திலிருந்து பாரதீப்புக்கு வந்துகொண்டிருந்த நியூ டயமண்ட் கப்பலில், இலங்கையின் அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்தது. மாலுமி ஒருவர் இறந்தார். இந்தியக் கடலோரக் காவல் படையும் இலங்கைக் கடற்படையும் நாள்கணக்கில் போராடித் தீயை அணைத்தன. சூடேறிய எஃகு பலமிழக்கும் என்பதால், தொட்டிகள் இருக்கும் பகுதிக்குத் தீ பரவுமா, கூடு நிற்குமா என்ற கேள்வியே அந்த வாரம் முழுதும் கிழக்கிலங்கையின் மேலும் சோழ மண்டலக் கரையின் மேலும் தொங்கியது. சரக்கு எண்ணெய் கசியவில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல், கட்டி முடித்துச் சில மாதங்களே ஆன கன்டெய்னர் கப்பல். ஆழமான கடலுக்கு இழுக்க முயன்றபோது ஜூன் 2 அன்று அதன் பின்பகுதி கடலடியில் தட்டி மூழ்கியது. 2025 மே 24 அன்று விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்எஸ்சி எல்சா 3 சாய்ந்து, மறுநாள் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கின.

இங்கே முதல் மறுப்பு எழும். எல்சா 3 ஒடியவில்லை, சாய்ந்து மூழ்கியது. எக்ஸ்-பிரஸ் பேர்லைத் தீ அழித்தது. அப்படியிருக்கக் கூட்டின் பலத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். பெரும்பாலான கப்பல் விபத்துகளில் நிலைத்தன்மைதான் முதலில் கைவிடுகிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் பிரெஸ்டீஜ் காட்டியது என்ன? நிலைத்தன்மையைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கை பலத்தைப் பறிக்கலாம். சாய்வை நிமிர்த்துவதா, எந்தத் தொட்டியை நிரப்புவது, எந்தத் திசையில் இழுப்பது என்ற ஒவ்வொரு முடிவும் இரண்டு கணக்கையும் ஒரே நேரத்தில் கேட்கிறது. ஒன்றை மட்டும் பார்ப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

இரண்டாவது மறுப்பு பொறியாளர்களிடமிருந்தே வரும். தண்ணீருக்குள் எவ்வளவு கிழிந்திருக்கிறது என்பதே தெரியாதபோது கணக்கு வெறும் ஊகம்தானே என்பார்கள். ஒற்றை எண்ணைக் கேட்டால் அது ஊகம்தான். ஆனால் சேதம் சிறியதாக இருந்தால் இவ்வளவு, பெரியதாக இருந்தால் இவ்வளவு என்று இரு எல்லைகளைக் கேட்டால் அது முடிவெடுக்கப் போதுமான அறிவு. மோசமான எல்லையிலும் கூடு தாங்கும் என்றால் தைரியமாக இழுக்கலாம். நல்ல எல்லையிலும் தாங்காது என்றால் அருகில் உள்ள அமைதியான நீருக்குக் கொண்டுவர வேண்டும். இந்த வேலை உடனே நடக்க, கப்பலின் கணினி மாதிரி ஏற்கெனவே கரையில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு வரைபடங்களைத் தேடி மாதிரி உருவாக்குவதற்குக் கடல் அவகாசம் தராது.

மூன்றாவது மறுப்பு செலவு. பெரிய கப்பல் நிறுவனங்கள் பல, சட்டம் கேட்காமலேயே, கரையிலிருந்து இப்படிக் கணக்கிட்டுத் தரும் அவசரச் சேவையில் சேர்ந்திருக்கின்றன. பிறகு எதற்குக் கட்டாயம் என்று கேட்கலாம். தானாகச் சேர்ந்தவர்கள் இருப்பதே, செலவு தாங்கமுடியாதது அல்ல என்பதற்குச் சான்று. மேலும், பழைய கப்பலைக் குறைந்த செலவில் ஓட்டும் நிறுவனங்களே தானாகச் சேரத் தயங்கும்; சேதம் நேரும் வாய்ப்பும் அங்கேதான் அதிகம். விதி என்பது சேராதவர்களுக்காகத்தான். இரட்டைக் கூடு வந்த பிறகு இதெல்லாம் வேண்டாமே என்பவர்களுக்கும் ஒரு சொல்: இரட்டைக் கூடு எண்ணெய் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. வெளித்தகடு கிழிந்த கூட்டுக்கு மிஞ்சும் வளைவுப் பலம் எவ்வளவு என்பதைத் தனியாகக் கணக்கிட்டே ஆகவேண்டும்.

எந்தக் கணக்கும் அதற்குள் போடும் எண்ணுக்கு மேல் நம்பகமானதாக இருக்காது. இதில் சூளகிரிக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. நாப்போலியின் மேல்தளத்தில் நனையாமல் இருந்த சுமார் 660 கன்டெய்னர்களை எடை போட்டபோது, 137 கன்டெய்னர்களில் அறிவித்த எடைக்கும் உண்மை எடைக்கும் 3 டன்னுக்கு மேல் வித்தியாசம் இருந்தது. அந்த 137உம் சேர்ந்து 312 டன் அதிகமாக இருந்தன. கூட்டின் மேல் விழும் சுமையைக் கப்பல் அதிகாரி கணினியில் பார்க்கிறார். அந்தக் கணினிக்குள் போகும் எடை தொழிற்சாலை வாசலில் எழுதப்படுகிறது. 2016 ஜூலை 1 முதல், சரிபார்க்கப்பட்ட மொத்த எடை இல்லாமல் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்று, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் ஒப்பந்தம் சொல்கிறது. பொறுப்பு சரக்கை அனுப்புபவருடையது. எடைமேடைச் சீட்டில் பழைய எண்ணை அப்படியே எழுதி அனுப்புவது, நெடுஞ்சாலையில் ஒரு சின்ன வசதியாகத் தோன்றலாம். அதே பிழை ஆயிரக்கணக்கான கன்டெய்னர்களில் சேரும்போது, கப்பலின் நடுவில் உள்ள தகட்டுக்கு அது உண்மையான சுமை.

ஆகவே நான் கேட்பவை மூன்று. முதலாவது, 150 மீட்டருக்கு மேற்பட்ட கன்டெய்னர் கப்பல்கள் அனைத்துக்கும், மிஞ்சும் பலத்தைக் கட்டும்போதே சரிபார்ப்பதும் கரையில் கணினி மாதிரி வைத்திருப்பதும் கட்டாயமாக வேண்டும். சர்வதேசக் கடல்சார் அமைப்பில் இந்தியா இதை வலியுறுத்த வேண்டும். இரண்டாவது, நம் கடலில் ஒரு கப்பல் அடிபட்டால், உள்ளே விடுவதா வெளியே இழுப்பதா என்று முடிவெடுக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் தெளிவாக இருக்க வேண்டும். அந்த முடிவுக்கு முன் பலத்தின் கணக்கு மேசைக்கு வந்தாக வேண்டும். அதைச் செய்யத் தகுதி கொண்டவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையிலும், இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங்கிலும், இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறார்கள். மூன்றாவது, இந்த வட்டாரத்தின் ஒவ்வொரு ஏற்றுமதி நிறுவனமும் தன் கன்டெய்னரின் எடையை மெய்யாக அளந்து மெய்யாக எழுத வேண்டும். முதல் இரண்டும் அரசுகளின் கையில் இருக்கின்றன, காலம் பிடிக்கும். மூன்றாவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அடுத்து முத்திரையிடப் போகும் கன்டெய்னரிலேயே அதைத் தொடங்கிவிடலாம்.